ரெக்கார்டரில் முதல் மூன்று சுரம்: ஆண்டு 4 வகுப்புக்கு

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் இசைப் பாடம் எடுக்கும் எல்லாரும் இசை படித்தவர்கள் அல்லர். கால அட்டவணையில் பெயர் விழுந்துவிட்டது, எடுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. முப்பது பிள்ளைகள், முப்பது நிமிடப் பாடவேளை, கையில் ரெக்கார்டர் என்னும் ஊதுகுழல். ஒரு பாடவேளைக்கு ஒரு படிக்கு மேல் போகாதீர்கள்.

வாங்கும்போது

வேண்டியது சோப்ரானோ ரெக்கார்டர்: முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் ஒன்று. இதில் விரல் வைப்பைப் பொறுத்து ஜெர்மன், பரோக் என இரு வகை உண்டு. யமஹாவில் ஒய்ஆர்எஸ்-23 ஜெர்மன், ஒய்ஆர்எஸ்-24பி பரோக். பெயர் தெரியாத கருவி என்றால் முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். நான்காம் துளை ஐந்தாவதைவிடச் சிறியதாக இருந்தால் ஜெர்மன்.

பிள்ளைகளுக்கு ஜெர்மன்தான் எளிது என்று கடையில் சொல்வார்கள். எஃப் என்னும் மேற்கத்தியச் சுரத்துக்கு மட்டும் அது உண்மை. அதற்கு அரைச்சுரம் மேலே உள்ள எஃப் ஷார்ப் வந்தால் ஜெர்மனில் சுருதி பிசகும். புதிதாக வாங்குவோர் பரோக்கையே வாங்கட்டும். வகுப்பில் ஏற்கெனவே இரண்டும் கலந்திருந்தால் பரவாயில்லை. இங்கே வரும் சுரங்களுக்கு இரண்டிலும் ஒரே விரல் வைப்புதான்.

ஒருவர் கருவியை இன்னொருவர் ஊதக் கூடாது. பெயர் ஒட்டிவிடுங்கள். கழுவ வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

படி 1: ஊதாமல் பிடிப்பது

இடது கை மேலே, வலது கை கீழே. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இதுவே. பாதிப் பேர் மாற்றிப் பிடிப்பார்கள், ஆகவே இடது கட்டைவிரல் நகத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பின்துளையில் இருக்க வேண்டியது அந்த விரல். வலது கட்டைவிரல், நான்காம் துளைக்கு நேர் பின்னால் கருவியைத் தாங்கி நிற்கும்.

துளையை மூடுவது விரலின் சதைப் பகுதி, நுனி அல்ல. மூன்று எண்ணும்வரை அழுத்திவிட்டு விரலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வட்டமாகத் தடம் பதிந்திருந்தால் சரி. பிறைபோல் பதிந்திருந்தால் அங்கே காற்று ஒழுகும். இந்தச் சோதனைக்கு மட்டும்தான் அழுத்தம். வாசிக்கும்போது விரல் லேசாகப் படிந்தால் போதும்.

படி 2: மூச்சும் நாக்கும்

டிஷ்யூத் தாளை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊதட்டும். நான்கு எண்ணும்வரை தாள் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். படபடத்தால் மூச்சு சீராக இல்லை.

ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தொடங்க வேண்டும். 'துணி' என்பதில் வருகிற 'து' சரியாகப் பொருந்தும். 'டூ' என்றால் நாக்கு பின்னால் மடங்கி, சுரம் தாமதமாகத் தொடங்கும். நாக்கே படாமல் 'ஹூ' என்று ஊதினால் சுரம் கீழிருந்து வழுக்கி ஏறும். ஊதுவாயை உதடுகளுக்கு நடுவில் வைக்க வேண்டும்; பல்லால் கடிக்கக் கூடாது.

படி 3: க, ரி, ச

மூன்று சுரத்துக்கும் பின்துளை மூடியே இருக்கும். முன்பக்கம் ஆள்காட்டி விரல் மட்டும் வைத்தால் பி. நடு விரலையும் சேர்த்தால் ஏ. மோதிர விரலும் சேர்ந்தால் ஜி. ஜியை ச என்று வைத்துக்கொண்டால் ஏ ரி ஆகிறது, பி க ஆகிறது. தேவார வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இதை வாயால் பாடிப் பழகியிருப்பார்கள். அந்தக் காது வகுப்புக்குக் கிடைத்த சொத்து, வீணாக்காதீர்கள்.

ஆதார சுருதி ஒலிக்கும் சுருதிப்பெட்டியை ஐந்து கட்டை என்ற சுருதி அளவில் வையுங்கள், அதுதான் ஜி. முதலில் பாடட்டும், பிறகு விரலை வைக்கட்டும், கடைசியில் ஊதட்டும். பாட வராத சுரம் கருவியில் சுத்தமாக வந்தாலும், வந்தது பிள்ளைக்குத் தெரியாது.

வரிசை க, ரி, ச என்று இறங்குமுகமாகவே இருக்கட்டும். ஒரு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுவது எளிது. ச கடைசியில் வருவதற்குக் காரணம் மோதிர விரல். அதற்குத்தான் வலு குறைவு, அதுதான் அடிக்கடி நழுவும்.

முப்பது பேரும் சேர்ந்து ஊதினால் யாருக்கும் தன் சத்தம் கேட்காது. பக்கத்து வகுப்பும் உங்களை மன்னிக்காது. பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு குழு ஊதட்டும், ஒன்று கருவியை முகவாயில் வைத்து விரலை மட்டும் அசைக்கட்டும், ஒன்று சுரம் பாடட்டும். எட்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை மாற்றுங்கள்.

படி 4: கீச்சொலி ஏன் வருகிறது

சுரம் திடீரென்று உச்சத்துக்குத் தாவினால் முதலில் பின்துளையைப் பாருங்கள், கட்டைவிரல் விலகியிருக்கும். விரல்கள் சரியாக இருந்தும் கீச்சிட்டால் மூச்சு அதிகம். ச மட்டும் கெட்டால் மோதிர விரல்.

எல்லாம் சரி, ஆனால் சத்தம் அடைத்துக் கரகரக்கிறது என்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. மேலே உள்ள சதுரத் துவாரத்தை விரலால் முழுதாக மூடி ஒருமுறை பலமாக ஊதினால் நீர் வெளியேறும். குளிரூட்டிய மண்டபத்தில் இது கூடுதலாக வரும், ஏனெனில் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் மூச்சின் ஈரம் படியும். ஆண்டு விழா மேடை ஏறுமுன் தலைப்பகுதியைக் கைக்குள் வைத்துச் சற்றுச் சூடேற்றட்டும். குளிரில் சுருதி இறங்கும், மின்விசிறி வகுப்பறையின் வெக்கையில் ஏறும். ஏறினால் தலைப்பகுதியை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள்.

படி 5: முதல் வரி

தகதிமி என்று நான்கு எண்ணிக்கை கொண்ட தட்டு. கோடு வந்தால் சுரத்தை நீட்ட வேண்டும்.

ச ச ரி – | க க ரி – | க ரி ச ரி | ச – – –

தகதிமி தட்டிக்கொண்டே பாடுவது, பிறகு வாசிப்பது. வேகம் நிமிடத்துக்கு அறுபது எண்ணிக்கை. வேகம் கூட்டக் கேட்டுப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். கடைசி ச நான்கு எண்ணிக்கையும் ஆடாமல் நிற்கும்வரை கூட்டாதீர்கள்.

இதற்குப் பிறகு

அடுத்தது மேல் டி, அதாவது ப. பின்துளையைத் திறந்து நடு விரலை மட்டும் வைக்க வேண்டும். அடுத்துக் கீழ்ப்பக்கம் ஈ, டி: முதல் மூன்று துளையோடு வலது கையின் இரண்டு விரல் சேர்ந்தால் ஈ, மூன்று சேர்ந்தால் டி. மெதுவாக ஊத வேண்டும், இல்லையென்றால் மேலே தாவும். இவை கீழ் ஸ்தாயி, அதாவது ச-வுக்குக் கீழே வரும் த, ப. இத்தோடு மோகன ராகத்தின் ஐந்து சுரமும் கைக்கு வந்துவிட்டன. சங்கராபரண ராகம் வேண்டுமென்றால் ம, நி இரண்டும் தேவை. ம என்பது சி, நி என்பது எஃப் ஷார்ப். வகுப்பில் இருக்கும் ஜெர்மன் கருவிகளை மாற்றுவது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.