முதல் மேட்ச் யாரோடு என்று தெரிந்த பிறகு: பெண் பிள்ளைகளின் புட்போல் டீமுக்கு இரண்டு கிழமை

வலயப் போட்டி அட்டவணை கைக்கு வந்த அன்றைக்குப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், முதல் மேட்ச் ஆரோட?" பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி "ஐயோ, அவங்களா" என்பாள், அதோடு பாதி டீமின் முகம் வாடிவிடும். அந்த "ஐயோ"வை வைத்துக்கொண்டு மிச்சமிருக்கும் இரண்டு கிழமையில் என்ன செய்யலாம் என்று, மட்டக்களப்பில் சில வருடங்களாகப் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கிய அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதல் வேலை, போய்ப் பார்ப்பது. அவர்கள் வேறு யாரோடாவது விளையாடும் நாளில், அது சும்மா ஒரு சிநேகபூர்வ ஆட்டமாக இருந்தாலும், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போங்கள். மரநிழலில் மற்ற ரீச்சர்மாரோடு கதைத்துக்கொண்டு சைட்டில் இருந்தால் கண் பந்துக்குப் பின்னாலேயே ஓடும், வீட்டுக்கு வந்தால் கோல் கணக்கைத் தவிர ஒன்றும் ஞாபகம் இருக்காது. கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். வெயில்தான், ஆனால் எந்த பேக் (பின்னால் நின்று தடுக்கிறவள்) முன்னுக்கு ஏறிப் போய்த் திரும்பி வர மறக்கிறாள், நடுவில் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

ஜேர்சி நம்பரை எழுதி வைத்து நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். ஏழாம் நம்பர் பிள்ளை பறக்கிறாள் என்று பெரிதாகக் குறித்துக்கொண்டு வந்து, எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி, ஒரு கிழமை முழுக்க "ஏழு, ஏழு" என்று பயிற்சி கொடுத்தேன். மேட்ச் அன்று ஏழு போட்டிருந்தவள் அவர்களின் பேக். பள்ளிக்கூடங்களில் ஜேர்சி சைஸைப் பார்த்துத்தானே கொடுப்பது, கழுவிக் காயப்போட்டு வந்தால் நம்பர் மாறிவிடும். அதனால் இப்போது காலைத்தான் குறிக்கிறேன். "இடது பக்க விங், வலது காலால் மட்டும் அடிக்கிறாள், எப்போதும் உள்ளுக்கு வெட்டுகிறாள்" என்று எழுதினால் (விங் என்றால் ஓரத்தால் ஏறி விளையாடுகிறவள்) அவள் எந்த ஜேர்சியில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

கீப்பரை வடிவாகக் கவனியுங்கள். பள்ளிக்கூடப் பெண்கள் ஆட்டத்திலும் பெரும்பாலும் அதே பெரிய கோல்தான், 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். ஐந்தடி உயரப் பிள்ளை ஒருத்தி அதை முழுதாகக் காப்பது சுலபமில்லை. உயரப் பந்துக்கு அவள் கையை நீட்டுகிறாளா, பின்னுக்குப் போகிறாளா? பின்னுக்குப் போகிறவள் என்றால் தூரத்திலிருந்து தூக்கி அடிக்க உங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுக்கலாம். அப்புறம் வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் கீப்பரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், அவளுக்கும் அதே கோல்தான்.

கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்திருக்கும். அதில் இரண்டே இரண்டு விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே. ஒரு வருடம் எதிரணியைப் பற்றிப் பதினொரு குறிப்பு எழுதி, போட்டோக் கொப்பி அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன், எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. முதல் பத்து நிமிடத்தில் எங்கள் சென்டர் பேக் நடு மைதானத்தில் நின்று, "மிஸ், நான் இவளைப் பிடிக்கிறதா, அவளைப் பிடிக்கிறதா?" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறாள். அவள் கேட்டு முடிக்கவும் கோல் விழவும் சரியாக இருந்தது. இப்போது தடுப்பதற்கு ஒன்று, அடிப்பதற்கு ஒன்று. "அந்த இடது விங்கை வெளிப்பக்கம் தள்ளு, உள்ளுக்கு விடாதே." "அவர்களின் வலது பேக் ஏறினால் அவளுக்குப் பின்னால் பந்தைப் போடு." மிச்சமெல்லாம் என் கொப்பியிலேயே இருக்கட்டும்.

அந்த இரண்டையும் வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை, கால் பழக வேண்டும். ரிசர்வ் பிள்ளைகளுக்கு வேறு நிறத்தில் உடுப்புக் கொடுத்து எதிரணியாக நிறுத்துங்கள். உங்களிடம் இருப்பதில் வேகமானவளை, அவள் முதல் பதினொருவரில் இருந்தாலும், அந்த இடது விங்காக விளையாட விடுங்கள். அரை மைதானம் போதும், எட்டுப் பேருக்கு எட்டுப் பேர், பத்து நிமிடம் ஆடி இரண்டு நிமிடம் நிறுத்தி, மறுபடியும். எங்கள் பிள்ளைகளுக்கு வேகம் பழக்க நான் சின்ன வகுப்புப் பொடியன்மாரைக் கூப்பிடுவதுண்டு. பொடியன்மாருக்குக் கொண்டாட்டம், எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாள் எரிச்சல், மூன்றாம் நாள் அவர்களிடமிருந்தே பந்தைப் பறித்துவிடுவார்கள்.

மைதானத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கடற்கரையை ஒட்டிய பள்ளிக்கூடம் என்றால் மணல், நிலத்தோடு போடும் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும், ஒவ்வொரு பாஸையும் கொஞ்சம் இறுக்கி அடிக்க வேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் களிமண் காய்ந்து இறுகிக் கிடந்தால் பந்து துள்ளித் தலைக்கு மேலால் போகும். முடிந்தால் ஒரு பயிற்சியையாவது அதே மாதிரித் தரையில் வையுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றையும் பாருங்கள். டாஸ் வென்றால் பக்கத்தைத் தெரிவு செய்யலாம், அல்லது முதல் உதையை எடுக்கலாம் என்று 2019இல் விதி மாறிவிட்டது. பலமான காற்று என்றால் நான் பக்கத்தைத்தான் கேட்கச் சொல்வேன். மேட்ச் காலை பத்து மணிக்கு என்றால் கடைசி நாட்களில் இரண்டு பயிற்சியையாவது அதே பத்து மணிக்கு அதிபரிடம் கேட்டு வாங்குங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கே பழகிய உடம்புக்குப் பத்து மணி வெயில் வேறு உலகம்.

முழங்கால் விஷயம் பகிடி இல்லை. முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம், அதுவும் யாரும் இடிக்காமல், ஓடி வந்து சட்டென்று திரும்பும்போதோ பாய்ந்து தரையில் இறங்கும்போதோ நடக்கும். பிபாவின் '11+' என்ற உடல் சூடேற்றும் முறை இருக்கிறது, 15 பயிற்சி, 20 நிமிடம், பந்தையும் சில கோன்களையும் தவிர ஒரு சாமானும் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு தரமாவது செய்யுங்கள். பாய்ந்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று உள்ளுக்கு மடிகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள், மடிந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். மாதவிடாய் நாள் என்றால் பிள்ளை தயங்காமல் வந்து சொல்லக்கூடிய ஒரு பெண் ஆசிரியை மைதானத்தில் நிற்க வேண்டும், பையில் நாப்கினும் இருக்க வேண்டும். விளையாடுவதா இல்லையா என்பதை அவளே சொல்லட்டும்.

மேட்சுக்கு முதல் நாள் ஓட விடாதீர்கள். கோர்ணர், பெனால்டி, த்ரோ இன், அவ்வளவுதான். த்ரோ இன்னைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், காலைத் தூக்கிவிட்டுப் பந்தை எதிரணிக்குத் தானம் கொடுப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு காலும் தரையில், பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலால். ஓப்சைட் பொறி வைத்து, அதாவது பேக்மார் எல்லோரும் ஒன்றாக முன்னுக்கு ஏறி எதிரணியை ஓப்சைட்டில் மாட்டவைத்து, விளையாடுவோம் என்று கேப்டன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பள்ளிக்கூட ஆட்டத்தில் கொடி பிடிப்பவர் சிலவேளை அவர்களின் ரீச்சராகவே இருப்பார்.

அன்றைக்கே காதுத் தோட்டையும் கழற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் விதி விடாது, நடுவர் வெளியே அனுப்புவார். இறுகிப்போன தோட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று சவர்க்காரம் போட்டுக் கழற்றியிருக்கிறோம், அதற்குள் ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆடினோம். தலையை மூடி விளையாடும் பிள்ளைகளுக்குத் தடை இல்லை, 2014இலேயே அனுமதித்துவிட்டார்கள். கறுப்பாகவோ ஜேர்சியின் நிறத்திலோ இருக்க வேண்டும், ஜேர்சியோடு சேர்த்துக் குத்தியிருக்கக் கூடாது, ஆபத்தான ஊசி இருக்கக் கூடாது.

மேட்ச் அன்று காலைச் சாப்பாடு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாக, இடியப்பமும் சொதியும் போதும், உறைப்புச் சம்பல் வேண்டாம். இடைவேளைக்குத் தோடம்பழத்தை வெட்டி வையுங்கள், தேசிக்காய்த் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பும் சீனியும். முதல் இரண்டு நிமிடம் நீங்கள் வாயே திறக்க வேண்டாம், குடித்து மூச்சு வாங்கட்டும். பிறகு அந்த இரண்டு விஷயத்தில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். போன முறை எங்கள் வலது பேக்தான் சொன்னாள்: "மிஸ், அந்த விங் இப்ப வெளியாலதான் போறாள், களைச்சிட்டாள் போல." நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் பாதியில் எங்கள் வலது பேக்கையே முன்னுக்கு ஏறிப் போகச் சொன்னோம்.