கிராஷ் ஆன ப்ராசஸின் கோர் டம்ப் யார் கையில் போய்ச் சேருகிறது?

லினக்ஸில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை, வாங்கி விழுந்தால், ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் அதன் மெமரியை எடுத்து ஒரு ஃபைலாக எழுதிவிடும். அதுதான் கோர் டம்ப். பிழை தேடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் அந்த நொடியில் மெமரியில் எது இருந்ததோ அது அந்த ஃபைலிலும் இருக்கும்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, டிஎல்எஸ் (இணைய இணைப்பைக் குறியாக்கும் முறை) தனிச்சாவி, யாரோ ஒருவர் அப்போதுதான் அனுப்பிய ஃபார்ம். அதனால் கோர் டம்ப்பை லாக் ஃபைல் மாதிரி நடத்தாதீர்கள், பாஸ்வேர்டு ஃபைல் மாதிரி நடத்துங்கள். எங்கே எழுதப்படும், யார் படிக்கலாம், எப்போது அழியும் என்பதை கிராஷ் ஆவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் கெர்னலின் அமைப்புகளையும் ப்ராசஸ் விவரங்களையும் ஃபைல்களாகக் காட்டும் ப்ராக் ஃபைல்சிஸ்டத்தில் சிஸ், கெர்னல் என்று உள்ளே போய், டம்ப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கோர்_பேட்டர்ன் ஃபைலில் (/proc/sys/kernel/core_pattern) என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் டம்ப் அந்த ப்ராசஸ் நின்றுகொண்டிருந்த டைரக்டரியிலேயே விழும். இது நல்லதல்ல. பெர்மிஷன் 0600 என்று உரிமையாளருக்கு மட்டும்தான் வைக்கப்படும், உண்மைதான், ஆனால் அந்த டைரக்டரி வெப் ரூட்டாக (வெப் சர்வர் ஃபைல்களை எடுத்துக் கொடுக்கும் இடமாக) இருந்து, வெப் சர்வரும் அதே யூசர் ஐடியில் ஓடினால், யார் வேண்டுமானாலும் பிரவுசரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முழுப் பாதை கொடுத்து, மற்ற யூசர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனி டைரக்டரிக்கு அனுப்புவதுதான் குறைந்தபட்சம்.

கோர்_பேட்டர்ன் பைப் குறியில் (|) தொடங்கினால் டம்ப் ஃபைலுக்குப் போகாது, ஒரு ஹேண்ட்லர் ப்ரோக்ராமின் ஸ்டாண்டர்டு இன்புட்டுக்குப் போகும். 2.6.19 கெர்னலில் வந்த வசதி இது, இன்றைய பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் இதுதான் நடக்கிறது. இங்கே பலர் கவனிக்காத விஷயம், ப்ராசஸ்களுக்கு வரம்பு போடும் யூலிமிட்டில் கோர் அளவை 0 என்று வைத்தாலும் பைப் முறையில் கெர்னல் அதைக் கட்டாயப்படுத்தாது. அந்த எண்ணைப் பார்த்து மதிப்பதும் மதிக்காததும் ஹேண்ட்லரின் பொறுப்பு. அதோடு ஹேண்ட்லர் முழு அதிகாரமுள்ள ரூட் யூசராக ஓடுகிறது, கன்டெய்னருக்குள் (ஒரே மெஷினில் பிரித்து ஓட்டும் தனி அறை மாதிரி) கிராஷ் ஆனாலும் அதைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினில்தான் ஓடுகிறது, ஏனென்றால் கோர்_பேட்டர்ன் மெஷின் முழுக்கப் பொதுவான ஒன்று. ஒரு கன்டெய்னருக்கு அந்த ஃபைலில் எழுதும் அனுமதி கொடுத்துவிட்டால் ஹோஸ்டின் ரூட்டையே கொடுத்த மாதிரிதான்.

அப்புறம் செட்யூஐடி ப்ரோக்ராம்கள், யார் ஓட்டினாலும் தன் உரிமையாளரின் (பெரும்பாலும் ரூட்டின்) அதிகாரத்தில் ஓடுபவை. அவை கிராஷ் ஆனால் டம்ப் எடுக்கலாமா என்பதை அதே ப்ராக், சிஸ் வழியில் எஃப்எஸ் பிரிவில் உள்ள சூயிட்_டம்பபிள் தீர்மானிக்கிறது. 0 என்றால் எடுக்காது, கெர்னலின் டிஃபால்ட் இதுதான். 1 என்றால் மற்ற ப்ராசஸ் மாதிரியே எடுத்துவிடும், அது டெவலப்பரின் சொந்த மெஷினுக்கு மட்டும், சர்வரில் வேண்டவே வேண்டாம். 2 என்றால் எடுக்கும், ரூட் மட்டும் படிக்கலாம். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006இல் வந்த சிவிஇ-2006-2451 பிழையில் (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது எண்), சாதாரண யூசரே தன் ப்ராசஸுக்கு இந்த 2ஐ வைத்துக்கொள்ள முடிந்தது. அவர், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானின் டைரக்டரிக்குள் நின்றுகொண்டு, மெமரியில் ஒரு க்ரான் வரியை வைத்துக்கொண்டு, தன் ப்ராசஸைத் தானே கிராஷ் செய்வார். கெர்னல் ரூட்டுக்குச் சொந்தமான டம்ப்பை அங்கே எழுதும், க்ரான் அதைப் படித்து அந்த வரியை ரூட்டாக ஓட்டிவிடும். 2.6.17.4இல் அடைத்தார்கள். 3.6 முதல், 2 வைத்திருந்தால் முழுப் பாதையோ பைப்போ இல்லாமல் கெர்னல் இந்த டம்ப்பை எழுதவே எழுதாது.

பைப் முறையிலும் ஓட்டை வந்தது, 2025 மே மாதத்தில். சிஸ்டம்டி-கோர்டம்ப்பில் சிவிஇ-2025-4598, அப்போர்ட்டில் சிவிஇ-2025-5054 (இரண்டுமே டிஸ்ட்ரோக்களோடு வரும் ஹேண்ட்லர்கள்), இரண்டையும் கண்டுபிடித்தது குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம். சிஸ்டம்டி விஷயத்தில் நடந்தது இது: ஹேண்ட்லருக்கு கிராஷ் ஆன ப்ராசஸின் அடையாளமான பிஐடி வெறும் எண்ணாகத்தான் வருகிறது, அதை வைத்து ப்ராக்கில் விவரம் தேடுகிறது. அது தேடுவதற்குள் செட்யூஐடி ப்ராசஸைக் கொன்றுவிட்டு, அதே எண்ணில் ஒரு சாதாரண ப்ராசஸை நிறுத்திவிட்டால், ஹேண்ட்லர் ஏமாந்து டம்ப்பைப் படிக்கும் அனுமதியைத் தாக்குபவருக்கே கொடுத்துவிடும். பாஸ்வேர்டு சரிபார்க்கும் ப்ரோக்ராமின் டம்ப்பிலிருந்து ஷேடோ ஃபைலில் உள்ள பாஸ்வேர்டு ஹாஷ்களை இப்படி எடுத்துக் காட்டினார்கள். பேட்ச் போட முடியாத மெஷினில் சூயிட்_டம்பபிளை 0 ஆக்குங்கள், இந்தத் தாக்குதல் அங்கேயே நின்றுவிடும்.

சொந்தமாக ஹேண்ட்லர் எழுதுகிறீர்களா? அப்படியானால் கோர்_பேட்டர்ன் பக்கத்திலேயே இருக்கும் கோர்_பைப்_லிமிட்டை 0இல் விடாதீர்கள். 0 என்றால் ஒரே நேரத்தில் எத்தனை ஹேண்ட்லர் வேண்டுமானாலும் ஓடும், கெர்னலும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்காது, நீங்கள் பார்ப்பதற்குள் ப்ராக்கில் அந்த ப்ராசஸின் விவரம் போய்விடலாம். ப்ரோக்ராமின் பெயரை ஆர்க்யுமென்ட்டாக வாங்கினால் அதை நம்பாதீர்கள், எந்த ப்ராசஸும் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். 5.3க்கு முந்தைய கெர்னல்களில் பெயரில் ஸ்பேஸ் இருந்தால் அது பல ஆர்க்யுமென்ட்டாக உடைந்து வரும், அதனால் பெயரை எப்போதும் கடைசியில் வையுங்கள். 6.16 கெர்னல் கையில் இருந்தால், பிஐடி எண்ணுக்குப் பதில் பிஐடிஎஃப்டி (அந்த ஒரு ப்ராசஸை மட்டுமே குறிக்கும் கைப்பிடி) கேளுங்கள், ஆள் மாறாட்டத்துக்கு இடமே இருக்காது. அதே பதிப்பில் டம்ப்பை ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு (ஏற்கெனவே ஓடும் ப்ரோக்ராம் கேட்டுக்கொண்டிருக்கும் இணைப்புக்கு) அனுப்பும் வழியும் வந்திருக்கிறது, கெர்னல் ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு ரூட் ப்ராசஸைக் கிளப்ப வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ப்ரோக்ராம் எழுதுகிறவருக்கும் வேலை இருக்கிறது. சாவி இருக்கும் மெமரிக்கு எம்அட்வைஸ் கால் மூலம் டோன்ட்டம்ப் குறி வைத்தால் (3.4 முதல் உண்டு) அந்தப் பக்கங்கள் (கெர்னல் மெமரியைப் பிரித்து வைக்கும் துண்டுகள்) டம்ப்பில் வராது. இது முழுப் பக்கக் கணக்கில்தான் வேலை செய்யும், அதனால் சாவிக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அதே சாவியின் நகல் ஸ்டாக்கிலோ ஏதாவது பஃபரிலோ கிடந்தால் அது டம்ப்பில் வந்தே தீரும். டம்ப்பே வேண்டாம் என்றால் பிஆர்சிடிஎல் கால் வழியாக அந்த ப்ராசஸின் டம்பபிளை 0 ஆக்கலாம், ஆனால் எக்ஸெக் செய்தால் (அதே ப்ராசஸில் வேறு ப்ரோக்ராமை ஏற்றினால்) அது பழையபடி மாறிவிடும்.

டம்ப் கிடைத்த பிறகு அதைத் தூக்கி டிக்கெட்டில் இணைக்காதீர்கள். அந்த மெஷினிலேயே ஜிடிபி டீபக்கரில் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல்) எடுத்து அதை மட்டும் அனுப்புங்கள், அதிலும் லோக்கல் வேரியபிள்களோடு வரும் முழு பேக்ட்ரேஸ் வேண்டாம், ரகசியம் அதிலேயே கசியும். வேறு யாரோ அனுப்பிய டம்ப்பை ரூட்டாக இருந்து திறக்காதீர்கள். பேக்ட்ரேஸ் மட்டும் போதும் என்றால் சிஸ்டம்டி-கோர்டம்ப்பில் ஸ்டோரேஜை நன் என்று வைத்துவிடுங்கள், லாகில் விவரம் இருக்கும், டம்ப் டிஸ்கில் தங்காது. தங்கத்தான் வேண்டும் என்றால் மேக்ஸ்யூஸில் உங்களுக்கு ஏற்ற வரம்பு போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப கிராஷ் ஆகும் ஒரே ஒரு சர்வீஸ், டிஃபால்ட் வரம்பான டிஸ்கின் 10 சதவீதம் வரை டம்ப்பாகக் கொட்டிவிடும்.

எல்லாம் செய்து முடித்ததும் ஒரு ஸ்லீப் ப்ராசஸை ஓடவிட்டு அதற்கு சிக்செக்வி (செக்மென்டேஷன் ஃபால்ட்டில் வரும்) சிக்னல் அனுப்புங்கள். டம்ப் நினைத்த இடத்தில் வந்ததா, பெர்மிஷன் என்ன என்று பாருங்கள், பிறகு வேறொரு யூசராக லாகின் செய்து அதைத் திறந்து பாருங்கள். திறந்தால், கோர்_பேட்டர்னிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.