மலைச்சாலை ஓட்டத்துக்கு ஜிபிஎஸ் கடிகாரம்: ஒப்பிட்டுத் தேர்வது எப்படி?

தேனி மாவட்டத்தின் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் ஓடுபவர்கள், கடிகாரத்தின் விலைக்கும் திரையின் பளிச்சுக்கும் முன்பாக, அது செயற்கைக்கோள் சிக்னலை எப்படிப் பெறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மரங்களும் பாறைச்சரிவும் சிக்னலை மறைத்தும் திருப்பியும் அனுப்புவதால், செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 ஆகிய இரு அலைவரிசைகளையும் பெறும் கார்மின் ஃபோர்ரன்னர் 255, கோரோஸ் பேஸ் 3 போன்றவை இங்கே கூடுதலாக நம்பத்தக்கவை. ஏற்றத்தைச் சரியாக அளக்கக் காற்றழுத்த உணரி தேவை. ஃபோர்ரன்னர் 55-இல் அது இல்லை.

நண்பரிடம் இரவல் கிடைத்தால், கைக்கு ஒன்றாக இரண்டு கடிகாரங்களைக் கட்டி, இரண்டும் சிக்னல் பிடிக்கும் வரை நின்று, பிறகு ஓடுங்கள். மொத்தத் தூரம் தற்செயலாகவும் ஒத்துப்போகும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், பதிவான கோட்டை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்: கொண்டை ஊசி வளைவில் அது சாலையோடு திரும்புகிறதா, குறுக்கே வெட்டிச் செல்கிறதா? கடிகாரம் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பதிவு இடைவெளியை ஒரு நொடியாக வைத்த பின்பே இதைச் சோதிக்க வேண்டும்.

கடிகாரத்தோடு இணையும் கைபேசிச் செயலிகளில், கார்மின் கனெக்ட், போலார் ஃப்ளோ, கோரோஸ் செயலி ஆகியவற்றின் அடிப்படை வசதிகள் இலவசம். கார்மின் 2025-இல் கனெக்ட் பிளஸ் என்ற கட்டணச் சேவையையும் தொடங்கியது. உங்கள் ஓட்டங்களை, பிற செயலிகளிலும் திறக்கக்கூடிய ஃபிட், ஜிபிஎக்ஸ் வகைக் கோப்புகளாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்யுங்கள். காட்டுப்பகுதியில் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், வழித்தடத்தை வீட்டிலேயே கடிகாரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.