கையை உதறிவிட்டு அங்கேயே நிற்காதீர்கள்

தற்காப்பு வகுப்புக்குப் புது பேட்ச் வந்திருக்கிறது. முகங்கள்தான் புதிது, தவறுகள் பழையவை. இருட்டில் தனியாகப் போகாதே மாதிரி விஷயங்களை வீட்டிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடுபட்ட பிறகும் நிற்பது

எத்தனை பேட்ச் பார்த்தாலும் இதற்கு மட்டும் எரிச்சல் வந்துவிடுகிறது. மணிக்கட்டைப் பிடித்தவனின் பெருவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பிடியிலேயே பலவீனமானது, அந்தப் பக்கமாகத் திருப்பி வேகமாக இழுத்தால் கை வந்துவிடும். இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கை வந்ததும்? எதிராளிக்கு எட்டும் தூரத்திலேயே முஷ்டியை மடக்கி நிற்கிறார்கள், இல்லையென்றால் என் பக்கம் திரும்பி "சரியா மாஸ்டர்?" என்கிறார்கள்.

என் மாணவி ஒருத்தி, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கையைப் பிடித்தவனிடமிருந்து அழகாக விடுபட்டாள். நாலு எட்டில் மருந்துக்கடை திறந்திருந்தது. அங்கே ஓடாமல், திரும்பி நின்று "என்ன தைரியம்டா உனக்கு" என்று கேட்டாள். கோபம் நியாயம்தான், ஆனால் அவன் அடுத்து பிடித்தது முடியை. கடைக்காரர் ஓடி வந்ததால் தப்பித்தாள், தோள்மூட்டு விலகி ஒரு மாதம் கட்டுப்போட்டிருந்தாள்.

அதனால் என் வகுப்பில் இப்போது கையை விடுவித்தால் மட்டும் போதாது, கத்திக்கொண்டே ஓடி வாசற்கதவைத் தொட வேண்டும். கத்துவதற்கும் பயிற்சி வேண்டும், கூச்சத்தில் பலருக்குக் குரலே எழும்பாது. ஓடுவது கோழைத்தனம் என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு தம்பி கேட்பான், அவனை இரண்டு சுற்று கூடுதலாக ஓடவிடுவேன்.

சட்டமும் நின்று அடிப்பவருக்குத் துணை வராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் நீடிக்கும் வரைதான் தற்காப்பு உரிமை. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்கிறது 37ஆவது பிரிவு. விழுந்து கிடப்பவனை ஆத்திரத்தில் நாலு மிதி மிதித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பலாம்.

சங்கிலியை இறுக்கிப் பிடிப்பது

பைக்கில் வந்து இழுக்கிறானா, விட்டுவிடுங்கள். தாலி என்றால் கை தானாகப் போகும், தெரியும். ஆனாலும் விடுங்கள், வண்டியோடு சேர்த்து உங்களை இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

விரலிடுக்கில் சாவி

சாவியை விரலிடுக்கில் செருகிக் குத்தலாம் என்பார்கள், வேண்டாம். கிழிவது உங்கள் விரல்.

பெப்பர் ஸ்பிரே

கைப்பையின் அடியில் கிடந்தால் வாங்காததற்குச் சமம். அப்புறம், எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும்.

போன் இருக்கிறதே என்ற தைரியம்

அவசர உதவி எண் 112 எல்லோருக்கும் தெரியும். பூட்டியிருக்கும் போனிலிருந்து அதை எப்படி அழைப்பது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனைப் பலமுறை அழுத்த வேண்டும், எத்தனை முறை என்பது போனுக்குப் போன் மாறும், செட்டிங்ஸில் இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இறக்கிவிட்டு ஒருமுறைகூடத் திறக்காதவர்களும் உண்டு, இன்றைக்கே திறந்து லொகேஷன் அனுமதியைக் கொடுத்து வையுங்கள்.