விசிலைப் பாக்கெட்டில் போடுங்கள்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மியூசியத்தைத் தயார் செய்வது எப்படி

என் அக்கா பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடிப் பெட்டியில் கை வைத்தான், காவலர் விசில் ஊதினார், இவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பத்தே நிமிடத்தில் வெளியே. அதற்கப்புறம் மியூசியம் என்றாலே செருப்பு மாட்ட மாட்டான். விசிலை மட்டும் குறை சொல்ல முடியாது, அங்கே என்னென்ன இருக்கும் என்று யாருமே அவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, சித்தி நான் உட்பட.

அதனால் முதல் வேலை படக்கதை. கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோஷியல் ஸ்டோரி முறைதான் இது, போகிற இடத்தில் என்ன நடக்கும் என்று சின்னக் கதையாக முன்கூட்டியே சொல்லிவிடுவது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு மியூசியத்துக்குச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுத்துக்கொண்டு, வருகிறவர் நடக்கும் வழியிலேயே நடந்து படம் எடுங்கள்: அகழிப் பாலம், கோட்டை வாசல், டிக்கெட் கவுண்டர், ஒவ்வொரு ரூம், கழிப்பறை, வெளியே வரும் வழி. படத்துக்குக் கீழே ஒரே வரி. "இங்கே டிக்கெட் வாங்குவோம். கூட்டம் இருந்தால் கொஞ்ச நேரம் நிற்போம்." வாட்சப்பில் அனுப்பும்படி இருந்தால் போதும், அச்சடிக்கக்கூட வேண்டாம். ஆனால் ஒரு ரூம் பூட்டியிருந்தால் அன்றைக்கே படத்தை மாற்றுங்கள். படத்தில் இருக்கும் ரூம் நேரில் இல்லையென்றால் மொத்தமும் கெட்டது.

அடுத்தது சத்தம், வெளிச்சம், வாடை. ஆட்டிசம் உள்ள பலருக்கு இவை தாங்க முடியாத தொந்தரவு. நமக்குப் பழகிப்போனதால் தெரியாது, அதனால் ஒரு நாள் காலையிலும் மதியத்திலும் நோட்டோடு சுற்றி வாருங்கள். மினுக்கும் டியூப் லைட், கிறீச்சிடும் ஃபேன், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹார்ன், எல்லாவற்றையும் எழுதுங்கள். டியூபை மாற்றலாம், ஃபேனுக்கு எண்ணெய் விடலாம். ஹார்னை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அதை மேப்பில் குறித்து, காதை மூடும் ஹெட்போன் நான்கைந்து கவுண்டரில் வையுங்கள். பினாயில் போடுவதை முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள், பெரிய உபகாரம்.

நேரம் என்றால் காலையில் திறந்த முதல் மணி. லண்டன் சயின்ஸ் மியூசியம் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்பே இப்படிக் காலை நேரம் ஒதுக்குகிறது. நம்மால் மாதம் ஒரு நாள் முடிந்தால்கூடச் சரி, அன்றைக்கு ஸ்கூல் டூர் வேண்டாம். மே மாத வேலூர் வெயிலில் மதியம் வரச் சொல்லவே சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கு மட்டும் என்று போர்டு வைக்காதீர்கள், ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் வருவார்கள்.

ஊழியர்களுக்குப் பெரிய பயிற்சி எல்லாம் தேவையில்லை, ஒரு டீ நேரம் போதும். கையை உதறுவதும், ஆடுவதும், முனகுவதும் குறும்பு இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். சின்ன வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். "புள்ளைய புடிங்கம்மா" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தவும் வேண்டாம், அந்த அம்மா ஏற்கனவே வியர்த்துப் போயிருப்பார். "தொடாதே" என்பதற்குப் பதில் தொடக்கூடியதைக் காட்டுங்கள். ஒரு தட்டில் கருங்கல் துண்டு, வெற்றுப் பனையோலை, பித்தளைக் கிண்ணம் வைத்தாலே கைக்கு வேலை கிடைத்துவிடும்.

மூலையில் ஒரு அமைதி இடமும் வேண்டும். பாய், திரை, மங்கலான வெளிச்சம் போதும். உடைந்த நாற்காலிகளை அங்கே அடுக்காதீர்கள், தண்டனை ரூம் போலவும் ஆக்காதீர்கள். யாராவது "இதெல்லாம் கட்டாயமா?" என்று கேட்டால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று என்று சொல்லுங்கள்.

இந்த வருடம் படக்கதையை நானே செய்து, அவனை வேலூருக்கு அழைத்துப்போனேன். நடுகல் ஒன்றின் முன்னால் நின்று, வீரன் உடம்பில் பாய்ந்த அம்புகளை எண்ணினான். திரும்ப எண்ணினான். அரை மணி நேரம் வேறு எதையும் பார்க்கவில்லை. இப்படி ஒருவர் நின்றால் "அடுத்த ரூம் வாங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். வெளியே போய்த் திரும்பி வந்தாலும் அதே டிக்கெட் செல்லும் என்று கவுண்டரில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.