மைதானத்தைச் சுற்றி ஓடுவதற்குப் பதிலாக ரோண்டோ

கால்பந்துப் பயிற்சியின் முதல் 15 நிமிடங்களை மைதானத்தைச் சுற்றி ஓடுவதில் கழிக்காமல், சற்று மெதுவாக ஓடி உடலைத் தளர்த்திய கையோடு, ஐந்து பேர் வட்டமாக நின்று ஒரே தொடுதலில் பந்தைக் கடத்த, நடுவில் நிற்கும் இருவர் அதைப் பறிக்க முயலும் ‘ரோண்டோ’வைத் தொடங்கிவிடுங்கள். 1988 முதல் 1996 வரை பார்சிலோனாவின் பயிற்சியாளராக இருந்து, 1992இல் அந்த அணிக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த யோஹான் கிரைஃப், தம் பயிற்சியில் முதன்மையான இடம் கொடுத்தது இதற்குத்தான்.

பந்து காலுக்கு வந்து சேரும் முன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தலையை நிமிர்த்திப் பார்த்தாக வேண்டும் என்பதால், உடல் சூடேறும் அதே நேரத்தில் கண்ணும் மூளையும் ஆட்டத்துக்குத் தயாராகிவிடுகின்றன. பந்தை இழந்தவரே நடுவுக்குப் போக வேண்டும் என்ற விதியை அணித்தலைவருக்காகக்கூடத் தளர்த்தாதீர்கள். பயிற்சியாளர் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறார் என்ற முணுமுணுப்பு அணிக்குள் எழாமலிருக்க, என் பார்வையில், இதைவிட எளிய வழி இல்லை.

பந்தை நிறுத்தவே தடுமாறும் சிறுவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு நடுவில் ஒருவரை மட்டும் விட்டு, இரண்டு மூன்று தொடுதல்களை அனுமதிக்கலாம். ரோண்டோவில் கோல் கம்பமும் இல்லை, முன்னேற வேண்டிய திசையும் இல்லை என்பதால், கோல் அடிப்பதற்கும் நெடுந்தூரம் விரைந்தோடுவதற்குமான பயிற்சியைத் தனியே நடத்தியே ஆக வேண்டும்.