ஸ்டேஷனில் வண்டி வைக்கப் போகிறீர்களா? சாயங்காலத்தை யோசித்து இடம் பாருங்கள்

சென்னை மின்சார ரயிலில் புதிதாக வேலைக்குப் போக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, காலையில ஸ்டாண்டுல இடம் கிடைக்குமா?" கிடைக்கும். கொஞ்சம் முன்னாடி போனால் எங்கேயாவது செருகிவிடலாம். பார்க்க வேண்டியது சாயங்காலத்தை. இரவு எட்டு மணி, தூறல், கையில் காய்கறிப் பை. அந்த நேரத்தில் தனியாக வண்டியை வெளியே எடுத்து வீடு போய்ச் சேர முடிகிற இடம் எதுவோ, அதுதான் நல்ல ஸ்டாண்டு. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

நான் திருநின்றவூர். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர், அங்கிருந்து பீச் ஸ்டேஷன் போகிற ரயில். அது போய்விட்டால் சென்ட்ரல் வண்டி பிடித்து, சென்ட்ரலை ஒட்டிய மின்சார ரயில் நிலையமான மூர் மார்க்கெட்டில் இறங்கி மிச்சத்தை பஸ்ஸிலோ நடந்தோ முடிப்பேன். திருவள்ளூர் லைனை வைத்துச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு பக்கத்துக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எங்கள் லைன் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்ட தடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இதில்தான். நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்து ரயில் ஏறிய காலத்துப் பாதை. ஸ்டேஷனை ஒட்டியே கடையும் வீடும் நெருக்கமாக வந்துவிட்டன. மனை வாங்கிக் குடிவந்த நாமோ ஸ்டேஷனிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம், வீட்டுக்கு ரெண்டு வண்டி வைத்திருக்கிறோம். இடத்துக்கு அடிதடி இருக்காமல் என்ன செய்யும்?

எந்தப் பக்கம் வைப்பது

தண்டவாளத்துக்கு உங்கள் வீடு எந்தப் பக்கமோ, வண்டியும் அந்தப் பக்கமே நிற்கட்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் காலையில் மேம்பாலம் ஏறாமல் நேராக பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம் என்று பலருக்கும் ஒரு நப்பாசை. மிச்சமாவது மூன்று நிமிடம். சாயங்காலம் அதற்கு வட்டி கட்ட வேண்டும். லெவல் கிராசிங் உள்ள ஊரில் கேட் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ரயில் போன பிறகுதான் திறப்பான். கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டிய ஊரில் மழை வந்தால் கதை முடிந்தது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவதை வருஷா வருஷம் டிவியில் பார்க்கிறோம். புறநகர்ச் சுரங்கப்பாதைகளுக்கும் அதே கதிதான், டிவிக்காரர்கள் வருவதில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் வண்டி மாட்டிக்கொண்டால் நீங்கள் மேம்பாலம் ஏறி இந்தப் பக்கம் வந்துவிடலாம், வண்டி வராது.

மூன்று நிமிடத்தைச் சேமிக்கத் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிறவர்களுக்கு: ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, நம் லோக்கல் வண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே கால் வைக்கும்போது அடுத்த தடத்தில் எக்ஸ்பிரஸ் வரும். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ரயில்வே ஸ்டாண்டா, வீட்டு ஸ்டாண்டா

ஸ்டேஷன் வளாகத்துக்குள் இருப்பது ரயில்வே ஸ்டாண்டு. ஆனால் நடத்துவது ரயில்வே இல்லை, ஏலம் எடுத்த காண்ட்ராக்டர். வாசலில் கட்டணப் பலகை இருக்க வேண்டும். முதல் நாளே அதை முழுசாகப் படியுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கட்டணம் மணிக்கணக்கில் படிப்படியாக ஏறும். உங்கள் ஸ்டாண்டில் ஒரு படி 12 மணி நேரத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7.20-க்கு வைத்து இரவு 7.40-க்கு எடுத்தால் 12 மணி 20 நிமிடம். அடுத்த படிக்குக் காசு. நகரத்துக்குள் வேலை பார்க்கிற நம்மில் பாதிப் பேர் இந்த இருபது நிமிடத்தில்தான் மாட்டுவோம். தினமும் போகிறவர்கள் மாசப் பாஸ் போட்டுவிடுவது நல்லது. ஹெல்மெட் வைக்கத் தனிக் காசு வாங்கும் இடங்களும் உண்டு, அதையும் பலகையில் பாருங்கள்.

பாஸ் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, பாஸ் தேதியிலிருந்து தேதிக்கா, ஒன்றாம் தேதியிலிருந்து மாசக் கடைசிக்கா? ரயில் சீசன் டிக்கெட் தேதியிலிருந்து தேதிக்கு ஓடும். இது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது ஒன்று மறந்துபோகும். இரண்டாவது, காண்ட்ராக்ட் எப்போது முடிகிறது? இதைக் கேட்டால் டோக்கன் கிழிக்கும் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை. கைமாறும் நேரத்தில் பழையவர் கொடுத்த பாஸைப் புதியவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்ப முடியாது. மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் அப்போது கட்டாயம் கேட்க வேண்டும். பழையவர் போய்ப் புதியவர் வராத இடைவெளியில் ஸ்டாண்டு இலவசம் மாதிரி கிடக்கும், ஊரே சந்தோஷமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும். என்னைக் கேட்டால் அந்த நாட்களில்தான் அங்கே வைக்கக் கூடாது. காவல் இல்லை, விளக்கு போடவும் ஆள் இல்லை.

வீட்டு ஸ்டாண்டு என்பது ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் காலி மனையிலோ வாசலிலோ தகரக் கூரை போட்டு நடத்துவது. எனக்குப் பிடித்தது இதுதான். வீட்டம்மாவுக்கு முகம் தெரிந்துவிட்டால் வேறு ஆள் உங்கள் வண்டியைத் தொட்டாலே, "யாருப்பா நீ?" என்று கேட்டுவிடுவார். குறையும் உண்டு: இரவு பத்து, பத்தரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் குடும்பமே கிளம்பிவிடும். பூட்டும் நேரத்தையும் போன் நம்பரையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் லேட் என்று தெரிந்தால் பாதி வழியிலேயே ஒரு போன் போட்டு, "கொஞ்சம் லேட்டாகும், பூட்டிடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டால் போதும்.

தெருவில் வைப்பதாக இருந்தால் கடை ஷட்டர் முன்னால் மட்டும் வேண்டாம். காலை ஏழு மணிக்கு மூடிய ஷட்டர் முன்னால் இடம் அழகாகத்தான் இருக்கும். ஒன்பதரைக்குக் கடைக்காரர் வந்து திறப்பார். உங்கள் வண்டி அவர் வழியை மறிக்கும். அவர் இழுத்துத் தள்ளுகிற இடம் ஆட்டோ ஸ்டாண்டு. ஆட்டோக்காரர்கள் அங்கிருந்து தள்ளுகிற இடம் சாக்கடை ஓரம்.

நிறுத்தும் விதம்

சைடு ஸ்டாண்டு போடாதீர்கள், சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சாய்ந்து நிற்கும் வண்டி அகலமாக இடம் பிடிக்கும். ஒன்று சரிந்தால் வரிசையே சரியும். மண் தரையில் மழைக்காலத்தில் சைடு ஸ்டாண்டு கால் பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து, சாயங்காலம் வண்டி படுத்துக் கிடக்கும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத பைக் என்றால் ஒரு உடைந்த டைல்ஸ் துண்டை டிக்கியிலோ பையிலோ வைத்திருங்கள். சைடு ஸ்டாண்டு காலுக்கு அடியில் போட்டால் புதையாது. உள்ளங்கை அகலம் போதும், வழவழப்பான பக்கம் கீழே இருக்கட்டும்.

அடுத்தது சைடு லாக். ஸ்டாண்டுக்காரர் போடாதே என்பார். இன்சூரன்ஸ்காரர் போடு என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் வரும்போது அவர்கள் வண்டிகளை நகர்த்தி நெருக்கி இடம் உண்டாக்குவார்கள். ஹேண்டில் பூட்டிய வண்டியைப் பின்பக்கம் தூக்கித்தான் இழுக்க வேண்டும். அதில்தான் இண்டிகேட்டரும் கண்ணாடியும் உடையும். நகர்த்தத் தேவையில்லாத இடத்தில் வைப்பதுதான் வழி: சுவர் ஓரக் கடைசி வரிசை, அல்லது தூணை ஒட்டிய இடம். சீக்கிரம் வருகிறவர்களுக்கு அது கிடைக்கும். அங்கே வைத்து சைடு லாக்கும் போடுங்கள். ஆனால் சுவர் ஓரத்தில் வைத்தால் சாயங்காலம் முன்னால் நாலு வரிசை நிற்குமே என்பீர்கள். ஆமாம். ஏழரைக்கு மேல் வருகிறவர்களுக்கு முன்வரிசைகள் காலியாகிவிடும், பிரச்சினையில்லை. ஐந்தரைக்கே திரும்புகிறவர்கள் சுவர் ஓரத்தை விட்டுவிட்டு, நடைபாதையை ஒட்டிய ஓரத்தில் முகம் வெளியே பார்க்க வையுங்கள். பின்பக்கமாக உள்ளே தள்ளி வைக்கக் காலையில் அரை நிமிடம் கூட ஆகும். இருட்டில் பின்னால் இழுத்துத் திருப்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மேம்பாலப் படி இறங்குகிற இடத்திலிருந்து வண்டி வரைக்கும் இரவில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஸ்டாண்டை முடிவு செய்யுங்கள். பகலில் பார்த்தால் எல்லா வழியும் நல்ல வழிதான். டோக்கன் போடுகிற மேஜைக்கு மேலே ஒரு குண்டு பல்பு எரியுமே, அதன் வெளிச்சம் படுகிற வட்டத்துக்குள் வண்டி நிற்கட்டும். ஒரே ரயிலில் இறங்குகிறவர்கள் எப்படியும் ஸ்டாண்டுக்கு ஒன்றாகத்தான் நடப்பார்கள், அந்தக் கூட்டத்தோடு போய்விடுங்கள். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பின்தங்க வேண்டாம்.

டோக்கனை டிக்கிக்குள் போட்டுப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கியைத் திறக்கத் தெரிந்தவன் கையில் டோக்கனும் சேர்ந்து போனால் வாசலில் அவனை யார் நிறுத்துவார்கள்? டோக்கன் உங்கள் பர்ஸில் இருக்கட்டும், படம் போனில் இருக்கட்டும். ஆர்.சி., லைசென்ஸ் அசலை வண்டியில் வைக்கவே வேண்டாம். போனில் டிஜிலாக்கர் செயலியில் காட்டினால் போதும். டேங்க்கை நிரப்பி வைக்காதீர்கள், இரண்டு நாளைக்கு வேண்டியது போதும். பழைய பைக்குகளில் பெட்ரோல் டியூபை உருவிப் பாட்டிலில் பிடிப்பது ஒரு நிமிட வேலை.

மழைக்காலம்

ஸ்டாண்டு பள்ளமா மேடா என்று யாரையும் கேட்க வேண்டாம், காம்பவுண்டு சுவரைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளமோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலோ விட்டுப்போன கறைக் கோடு பல சுவர்களில் இன்னும் தெரியும். அந்தக் கோடு உங்கள் வண்டியின் சைலன்சரைத் தாண்டி இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வேறு இடம் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் வண்டியை வீட்டிலேயே விட்டு ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவது உத்தமம்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் செல்ஃப் போட்டுப் பார்க்காதீர்கள், கிக்கரையும் மிதிக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது எஞ்சின் சுற்றினால் செலவு பத்து மடங்கு. மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டே போய் ஏர் ஃபில்டரையும் எஞ்சின் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

வண்டி காணவில்லை என்றால்

முதலில் வரிசை வரிசையாகத் தேடுங்கள். நகர்த்தி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். இல்லையென்றால், ரயில்வே வளாகத்துக்குள் நடந்ததற்கு ரயில்வே போலீஸ், உதவி எண் 1512. வெளியே வீட்டு ஸ்டாண்டு, தெரு என்றால் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன். "இது எங்க எல்லை இல்ல, அங்க போங்க" என்று அலைக்கழித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. அதைப் பணிவாகச் சொல்லுங்கள். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால் எஃப்.ஐ.ஆரோடு இரண்டு சாவியையும் கேட்பார்கள். இரண்டாவது சாவி வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

டோக்கனில் "வாகன உரிமையாளரே பொறுப்பு" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். ஹோட்டல் ஆளிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் காணாமல் போன வழக்கில், இப்படி அச்சடித்ததைக் காட்டி ஹோட்டல் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. நம் ஸ்டாண்டில் சாவி நம்மிடமே இருப்பதால் அதே அளவுக்கு வலு இருக்காது. ஆனாலும் காசு வாங்கியதற்கு டோக்கன்தான் சாட்சி; நுகர்வோர் உதவி எண் 1915-ல் வழி கேட்கலாம். ரயில்வே ஸ்டாண்டில் பலகையில் உள்ளதைவிடக் கூட வாங்கினால், பலகைப் படத்தையும் ரசீதையும் வைத்து ரயில்வே உதவி எண் 139-ல் புகார் கொடுங்கள். ரசீது தராமல் வாங்கினால் அதையே புகாராகச் சொல்லலாம்.

எங்கள் லைனுக்கு மட்டும் ஒன்று. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம், வெள்ளிக்கிழமை புட்லூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம். வைகுண்ட ஏகாதசிக்குத் திருநின்றவூரிலேயே பக்தவத்சலப் பெருமாள் கோயில். அந்த நாட்களில் ஸ்டாண்டும் நிரம்பும், ஸ்டேஷன் ரோடும் நிரம்பும். தினசரிக் காலண்டரை முதல் நாள் ராத்திரியே பார்த்துவிட்டுக் கால் மணி முன்னதாகக் கிளம்புங்கள், இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் வீட்டில் யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்லுங்கள்.